ரயிலடிப் பேச்சு: ஆறு படுக்கையும் ஆறு மனமும்

நம் ரிசர்வேஷன் ஜன்னலில் நீட்டப்படும் விண்ணப்பத் தாளில் ஆறு பேருக்கு மேல் எழுத இடமில்லை. ஸ்லீப்பர் வண்டியில் எதிரெதிராக அமைந்த படுக்கைகளும் ஆறே. ஆறு பேர் கொண்ட ஒரு கூட்டம் ஜன்னலுக்கு வந்தால், அதற்குத் தலைவர் யார், பணம் யாருடையது, புறப்படும் நாளில் வராமல் நிற்கப் போகிறவர் யார் என்பதை முகக்குறிப்பிலேயே கண்டுகொள்ளலாம் என்று நாம் இறுமாந்திருந்தோம். பன்னிரண்டு வருஷ உத்தியோகம் கொடுத்த இறுமாப்பு அது. சென்ற ஆண்டு அது உடைந்தது. உடைந்த விதத்தை அன்பர்களுக்குச் சொல்லிவிடுவதே முறை.

சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவில், பந்தி முடிந்து கைகழுவும் இடத்தில், நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர் நம்மைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்கள் ரயில்வேயில் இருக்கிறவர். ஒரு யோசனை சொல்ல வேண்டும். பெரியவள் ஜெர்மனியிலே எம்.எஸ். படிக்கிறாள் அல்லவா? அவளும் சிநேகிதிகளுமாக ஆறு பேர் ராத்திரி ரயிலிலே பக்கத்துத் தேசத்துக்குப் போகப்போகிறார்களாம். ஓர் அறை முழுவதையும் சேர்த்து எடுத்தால் மலிவு என்கிறாள். எடுக்கலாமா?"

"தாராளமாக எடுக்கச் சொல்லுங்கள், ஐயா. யாராவது வராவிட்டால் அந்தப் பெயரை மட்டும் ரத்துச் செய்துகொள்ளலாம். கழிவு போக மிச்சம் வந்துவிடும்" என்றோம்.

கேட்டவர் மனம் நிறைந்து போனார். நாமும் தாம்பூலம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். நாம் சொன்னது நம் நாட்டு விதி. கேட்டது வேறு நாட்டு வண்டியைப் பற்றி. இந்த வித்தியாசம் அந்த நிமிஷத்தில் நமக்குத் தோன்றவேயில்லை.

நடந்தது இது. அந்தப் பெண் தன் பணத்தைப் போட்டு ஓர் அறை முழுவதையும் எடுத்தாள். விலை மிகக் குறைந்த வகை டிக்கெட் எதுவோ அதைப் பார்த்து எடுத்தாள். மற்ற ஐவரும் "பிறகு தருகிறோம்" என்றனர். புறப்படுவதற்கு மூன்று வாரம் இருக்கையில் ஒருத்திக்குப் பரீட்சைத் தேதி மாறியது. இன்னொருத்திக்குக் கையில் பணமில்லை. அறைக்கு ஒரே விலை ஆதலால் ஆள் குறைந்தாலும் விலை குறையவில்லை. அந்த வகை டிக்கெட்டுக்குப் பணம் திருப்பித் தருவதும் இல்லை. மிஞ்சிய மூவரும், "நாங்கள் ஆறில் ஒரு பங்குக்குத்தானே ஒப்புக்கொண்டோம்?" என்றனர். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. முடிவில் இரண்டு பங்கை அந்தப் பெண்ணே சுமந்தாள். அதை ஈடுகட்டப் பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையில் சில வாரங்கள் கூடுதலாக வேலை பார்த்தாள். கூடவே, ஒரே வீட்டில் குடியிருந்த சிநேகிதி ஒருத்தியோடு இரண்டு மாதம் பேச்சு நின்றது. ரயில் கம்பெனியின் மேல் இதில் குற்றமில்லை. விதியை டிக்கெட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அந்த அன்பர் இதை நமக்குச் சொன்னார். "அவள் உங்களைக் குறை சொல்லவில்லை, தம்பி. தெரிந்திருக்கட்டுமே என்று நான்தான் சொல்கிறேன்" என்றார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் நமக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

அன்று முதல், ஓய்வு கிடைத்த மாலைகளிலெல்லாம் ஐரோப்பிய இரவு வண்டிகளின் விதிகளைத் தேடி வாசித்தோம். ஐரோப்பாவை நாம் கண்டதில்லை. ஆனால் டிக்கெட் விதி எந்த நாட்டில் எழுதப்பட்டாலும் டிக்கெட் விதிதானே! வாசித்துப் புரிந்துகொண்டவற்றை இங்கே வைக்கிறோம். பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் பெற்றோர் இதை அவர்களுக்கு அனுப்பி வைக்கலாம்.

முதலில் அவ்வண்டிகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். ஜார்ஜ் நாகல்மாக்கர்ஸ் என்னும் பெல்ஜியக்காரர் நிறுவிய படுக்கை வண்டிக் கம்பெனி, 1883 அக்டோபரில் பாரிஸிலிருந்து கிழக்கு நோக்கி ஓர் எக்ஸ்பிரஸை விட்டது. உலகம் அறிந்த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் அதுதான். அது சீமான்களின் வண்டி. பிற்காலத்தில் இரவு ரயில்கள் சாமானியருக்கும் உரியவையாகி ஐரோப்பா முழுவதும் ஓடின. பிறகு மலிவு விமானங்களும் அதிவேகப் பகல் வண்டிகளும் வந்தன. இரவு வண்டிகள் தேய்ந்தன. இதற்கு ஒரு கணக்கு உண்டு. நம் ஸ்லீப்பர் கோச்சில் 72 பேர் படுக்கிறோம். அங்கே ஆறு படுக்கை அறைகள் கொண்ட கோச்சில் சுமார் 60 பேர். உயர்ந்த வகைச் சயன கோச்சில் 36 பேர் போனால் அதிகம். பகல் வண்டி ஒரே நாளில் பல நடை போய் வரும். இரவு வண்டியோ ஓர் இரவுக்கு ஒரு நடைதான். தண்டவாள வாடகை, மின்சாரம், பணியாளர் சம்பளம் எல்லாம் அந்த ஒரு நடையிலேயே கிடைத்தாக வேண்டும். டிக்கெட் எப்போதும் மலிவாகக் கிடைக்காததன் காரணம் இதுவே.

2016 டிசம்பரில் ஜெர்மன் ரயில்வே தன் இரவு வண்டிகளை நிறுத்திவிட்டது. ஆஸ்திரிய ரயில்வே அவற்றில் பலவற்றைத் தான் ஏற்று, நைட்ஜெட் என்ற பெயரில் ஓட்டத் தொடங்கியது. வியன்னாவிலிருந்து ரோம், வெனிஸ், ஹாம்பர்க், ஆம்ஸ்டர்டாம் ஆகிய நகரங்களுக்கும், சூரிச்சிலிருந்து ஹாம்பர்க், பெர்லின் ஆகியவற்றுக்கும் மாலையில் ஏறிக் காலையில் இறங்கலாம். பிரான்ஸில் பாரிஸின் ஆஸ்டர்லிட்ஸ் நிலையத்திலிருந்து தெற்கே செல்லும் உள்நாட்டு இரவு வண்டிகள் உள்ளன. அவற்றுள் நீஸ் நகருக்குச் செல்வது 2021இல் மீண்டும் வந்தது. யூரோப்பியன் ஸ்லீப்பர் என்ற ஒரு புதிய கம்பெனி 2023 மே மாதத்தில் பிரஸ்ஸல்ஸுக்கும் பெர்லினுக்கும் இடையே வண்டி விட்டு, 2024 மார்ச்சில் அதைப் பிராக் நகர் வரை நீட்டியது.

வந்தவை போலவே போனவையும் உண்டு. மாட்ரிட்டுக்கும் லிஸ்பனுக்கும் இடையே ஓடிய இரவு வண்டி 2020 மார்ச்சில் நின்றது, பிறகு வரவில்லை. வியன்னாவுக்கும் பாரிஸுக்கும் இடையே 2021 டிசம்பரில் தொடங்கிய நைட்ஜெட் 2025 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. ஆகவே, "என் சிநேகிதன் இரண்டு வருஷத்துக்கு முன் போனானே!" என்பதை நம்பித் திட்டம் போடக் கூடாது. நடப்பு அட்டவணையைப் பார்த்தே தொடங்க வேண்டும். இவ்வண்டிகளைப் பற்றி விரிவாக அறிய விரும்புவோர், "சீட் 61" என்ற பெயரில் 2001 முதல் இணையத்தில் எழுதிவரும் மார்க் ஸ்மித்தின் பக்கங்களைப் பார்க்கலாம். அவரும் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவரே என்பதில் நமக்கொரு சிறு பெருமை.

இனி, என்ன இடம் எடுப்பது என்ற கேள்வி. நான்கு வகை உண்டு.

முதல் வகை உட்கார்ந்து போகும் இடம். விலை எல்லாவற்றிலும் குறைவு. ஆனால் இரவு முழுதும் உட்கார்ந்து சென்று காலையில் ஊர் சுற்றுவது, நம் ஜெனரல் கோச்சில் சென்னை போய் இறங்கி நேரே முகூர்த்தத்துக்குச் செல்வது போன்றது. வயது துணை செய்தால் ஒருமுறை செய்யலாம்.

இரண்டாவது வகைக்குக் கூஷெட் என்று பெயர். மாணவர்களுக்கு ஏற்றது இதுதான். பக்கத்துக்கு மூன்றாக ஆறு படுக்கைகள். சில அறைகளில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு. நம் ஸ்லீப்பரில் உள்ள பக்கவாட்டுப் படுக்கைகள் அங்கே இல்லை. அந்த இடம் நடைபாதை. நடைபாதைக்கும் அறைக்கும் இடையே கதவு உண்டு, உள்ளிருந்து தாழிடலாம். தலையணை, விரிப்பு, போர்வை கொடுப்பார்கள். நைட்ஜெட்டில் காலையில் ரொட்டி, வெண்ணெய், ஜாம், காப்பி அல்லது தேநீர் விலையிலேயே சேர்ந்தவை. மரக்கறி உண்போருக்கு அதில் சிரமமில்லை.

மூன்றாவது சயன அறை. ஒருவர் முதல் மூவர் வரை படுப்பது. முகம் கழுவும் தொட்டி அறைக்குள்ளேயே இருக்கும். விலையும் அதற்கேற்ப ஏறும். நான்காவது, 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய புது நைட்ஜெட் வண்டிகளில் உள்ள சிறு கூடு. ஒருவர் மட்டும் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம். தனியே செல்வோருக்கு நல்ல ஏற்பாடு. கூடிப் பேசிச் செல்லும் சிநேகிதர்களுக்கு அதில் சுவை இல்லை.

விலை விஷயத்தில்தான் நம் அநுபவம் நமக்கே பகையாகிறது. நம் நாட்டில் சாதாரண ஸ்லீப்பருக்கு முதல் நாள் வாங்கினாலும் கடைசி நாள் வாங்கினாலும் கட்டணம் ஒன்றே. தட்காலுக்கு மட்டும் கூடுதல். அங்கே அப்படி அன்று. படுக்கைகள் நிரம்ப நிரம்ப விலை ஏறும். வெள்ளிக்கிழமை இரவுக்கு ஒரு விலை, செவ்வாய்க்கிழமை இரவுக்கு ஒரு விலை. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறை என்றால் விலை உச்சாணிக் கொம்பில் இருக்கும். வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது, ஆர்.ஏ.சி. என்று பாதிப் படுக்கையில் தொற்றிக்கொள்ளும் வழியும் கிடையாது. இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஆகவே முந்திக்கொள்வதே மலிவுக்கு முதல் வழி. நம் ரயில்வேயில் முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைந்தது. நைட்ஜெட்டுக்கோ ஏறக்குறைய ஆறு மாதம் முன்பே வாங்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஐரோப்பா முழுவதற்கும் அட்டவணை மாறுவது டிசம்பர் மாதத்து இரண்டாவது ஞாயிறு வாக்கில். அதற்குப் பிந்திய நாட்களுக்கு விற்பனை திறக்கச் சில சமயம் தாமதமாகும். இன்னும் திறக்கவில்லை என்பதை இடமில்லை என்று எண்ணி மனம் சோர வேண்டாம்.

இப்போது அறைக் கணக்கைப் பார்ப்போம். ஆறு படுக்கை அறை ஒன்றுக்கு 270 யூரோ என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நாம் வைத்த தொகை. நிஜ விலை நாளுக்கு நாள் மாறும். ஆறு பேர் போனால் தலைக்கு 45 யூரோ, ஐந்து பேரானால் 54, நால்வரானால் 67 யூரோ 50 சென்ட், மூவரானால் 90. ஓர் இரவு விடுதி வாடகை மிச்சமாவதால் ஆறு பேருக்கு இது இலாபமே, ஐவருக்கும் பாதகமில்லை. நால்வர் என்றால், அறை முழுவதையும் எடுப்பதைவிட நாலு படுக்கை மட்டும் தனியே வாங்குவது மலிவாக இருக்கக்கூடும். மற்ற இரண்டு படுக்கைகளில் அயலார் வருவர், அவ்வளவே. மூவரானால் அறை முழுவதும் எடுப்பது வீண் செலவு. எனவே எத்தனை பேர் நிச்சயம் என்பது தெரியாமல் எது மலிவு என்று எவராலும் சொல்ல முடியாது. "ஆறு பேர் வருவதாகச் சொன்னார்கள்" என்பது ஓர் எண்ணிக்கை ஆகாது.

அந்தப் பெண்ணுக்கு நாம் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். மலிவு டிக்கெட்டை விற்பவர் நம்முடைய மனமாற்றத்துக்கு இடம் வைப்பதில்லை. ஆறு படுக்கையைப் பணம் வாங்கித் தந்துவிடும். ஆறு மனத்தை முன்னதாகப் பேசித்தான் ஒன்றாக்க வேண்டும். அதற்கு நாம் கண்ட வழியைச் சொல்கிறோம்.

முதலில் நாளையும் ஊரையும் தீர்மானிக்க வேண்டும். பரீட்சை அட்டவணை வந்துவிட்டதா என்று ஒவ்வொருவரும் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது, பணம் கையில் வந்த பிறகே டிக்கெட் வாங்க வேண்டும். "பிறகு தருகிறேன்" என்பவரைக் கூட்டத்தில் சேர்க்கலாம். எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. மூன்றாவது, யாராவது நின்றுவிட்டால் அவர் பங்கு என்னாகும் என்பதை அப்போதே பேசி, நாலு வரி எழுதி, எல்லாரும் வைத்துக்கொள்ள வேண்டும். நிற்பவர் தமக்குப் பதில் ஓர் ஆளைத் தர வேண்டும், இல்லையேல் பங்கைக் கொடுக்க வேண்டும் என்பது நியாயமான ஏற்பாடு. சிநேகிதர்களுக்குள் எழுத்து எதற்கு என்று கூச்சப்பட வேண்டாம். நம் வீடுகளில் சீட்டுக் கட்டுகிறவர்கள் நோட்டுப் போட்டு எழுதவில்லையா? எழுதியதால் உறவு கெட்டதில்லை, எழுதாததால் கெட்டிருக்கிறது.

நான்காவது, டிக்கெட்டின் வகையைப் பார்க்க வேண்டும். மிக மலிவானதற்குப் பணம் திரும்பாது. அதற்கு மேற்பட்ட வகைகளில், குறித்த நாளுக்குள் ரத்துச் செய்தால் முழுதாகவோ கழிவு போகவோ திரும்பும். பணம் கட்டுமுன் அந்த இரண்டு வரியை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்க வேண்டும். உறுதியாக வருவோர் நால்வர், ஐயத்தில் இருப்போர் இருவர் என்றால், நால்வருக்கு மலிவு வகையும் இருவருக்குத் திரும்பும் வகையும் வாங்கலாம். தனித்தனியே வாங்கினால் ஒரே அறை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். கடைசியாக, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதி, டிக்கெட்டின் பிரதியை ஒவ்வொருவரும் தம் தொலைபேசியில் வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கியவருக்கு ஜுரம் வந்தால் மற்றவர் நிற்கக் கூடாதல்லவா?

பல ஊர் பார்க்க விரும்புவோருக்குப் பாஸ் முறை உண்டு. ஐரோப்பாவில் குடியிருப்போருக்கு இன்டர்ரெயில். வெளியிலிருந்து வருவோருக்கு யூரெயில். இதில் பார்ப்பது குடியிருப்பை. பிரஜா உரிமையை அன்று. ஜெர்மனியில் குடியிருப்பு அனுமதியுடன் படிக்கும் நம் பெண்ணுக்கு இன்டர்ரெயில். அவளைப் பார்க்கச் செல்லும் பெற்றோருக்கு யூரெயில். 27 வயது வரை இளைஞர் சலுகை உண்டு. இரவு வண்டிக்குப் பாஸ் இருந்தாலும் படுக்கைக்குத் தனியே பணம் கட்டி இடம் பிடிக்க வேண்டும். நாளைக் கணக்கிடும்போது, புறப்படும் நாள் ஒன்றே கணக்கில் சேரும். ஒரே ஊருக்குப் போய்த் திரும்புவதற்குப் பாஸ் பெரும்பாலும் தேவையில்லை. ஜெர்மனியில் 2023 மே முதல் உள்ள டாய்ச்லாண்ட் டிக்கெட் உள்ளூர், வட்டார வண்டிகளுக்கே செல்லும். இரவு எக்ஸ்பிரஸில் செல்லாது. ஏறும் நிலையம் வரை போக உதவும்.

இந்தச் சமாசாரம் சங்கத்தில் பரவியதும் நம்மிடம் தாய்மார்கள் கேட்டது பணத்தைப் பற்றி அன்று. "வயசுப் பெண் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே அறையில் படுப்பதாவது?" என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நாம் ஒவ்வொருவரும் இரண்டு தலைமுறையாக ஜி.டி. எக்ஸ்பிரஸில் எப்படி ஊருக்குப் போய் வருகிறோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். எதிர்ப் படுக்கையில் யார் என்று அறியாமலே, அவர் வீட்டுப் புளியோதரையையும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, குழந்தைகளைத் தூங்கவைத்துச் சென்றவர்கள்தாமே நாம்! அங்கே அறைக்குத் தாழ்ப்பாள் உண்டு. கோச்சுக்குப் பணியாளர் உண்டு. நைட்ஜெட்டில் பெண்களுக்கு மட்டுமான அறை வேண்டும் என்று டிக்கெட் வாங்கும்போதே குறிக்கலாம். அறை முழுவதையும் சிநேகிதிகளே எடுத்துக்கொண்டால் இக்கேள்வியே எழாது. பணமும் பாஸ்போர்ட்டும் இடுப்பிலோ தலையணைக்குள்ளோ இருக்கட்டும். பெட்டியைப் படுக்கைக் காலோடு பிணைத்துப் பூட்டுவது நமக்குப் பழக்கமானதே.

கையில் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் அசலாகவே இருக்க வேண்டும். ஷெங்கன் நாடுகளுக்குள் எல்லைச் சோதனை வழக்கமில்லை. ஆயினும் சில எல்லைகளில் தற்காலிகமாகச் சோதிக்கிறார்கள். ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் உண்டு. பிரிட்டன் இரண்டிலும் இல்லை. ஜெர்மன் அட்டையைக் காட்டி லண்டனுக்குள் நுழைய முடியாது.

வண்டி தாமதமானால் என்ன செய்வது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணிக்கு மேலானால் 50 சதவீதமும் நஷ்டஈடாகக் கேட்கலாம். கடும் வெள்ளம், புயல் போன்ற காரணங்களுக்கு இது கிடைக்காது. இதைவிட முக்கியமானது ஒன்று. இரவு வண்டியைப் பிடிக்க வேறொரு வண்டியில் வர வேண்டியிருந்தால், இரண்டையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக வாங்க முயல வேண்டும். ஒரே டிக்கெட்டானால் முதல் வண்டி தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டாலும் கொண்டு சேர்க்கும் பொறுப்பு ரயில்வேயினுடையது. தனித்தனி டிக்கெட்டானால் பொறுப்பு நம்முடையது. மலிவைப் பார்த்துத் தனித்தனியே வாங்கினால், இடையில் தாராளமாக இரண்டு மூன்று மணி நேரம் விட வேண்டும்.

இன்னும் சில சிறு குறிப்புகள். ஒரே வண்டியாகப் புறப்பட்டு நள்ளிரவில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊர் போகும் வண்டிகள் அங்கே உண்டு. நம் லிங்க் எக்ஸ்பிரஸ் போலத்தான். ஆகவே தன் கோச்சில்தான் தூங்க வேண்டும். சிநேகிதர் கோச்சில் பேசிக்கொண்டே கண்ணயர்ந்தவர் வேறு தேசத்தில் விழிப்பார். சாப்பாட்டு வண்டி பெரும்பாலும் இராது. தயிர்சாதமோ சப்பாத்தியோ, குடிதண்ணீருடன் கொண்டு செல்வது உத்தமம். மீன் குழம்பு வேண்டாம், அறை சிறியது. இரவு பத்து மணிக்கு மேல் பேச்சைக் குறைக்க வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். அந்த இரவில், அட்டவணைக்கு முந்திவிடாதபடி, வண்டிகளை ஏதேனும் ஒரு நிலையத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைப்பதும் உண்டு. விழித்துப் பார்த்து வண்டி பழுதாகிவிட்டதென்று பயப்பட வேண்டாம்.

நாம் ஒருமுறையேனும் போய்ப் பார்க்க ஆசைப்படும் வண்டி ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். இத்தாலியில் சிசிலித் தீவுக்குச் செல்லும் இரவு வண்டியை மெஸ்ஸினா ஜலசந்திக் கரையில் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலுக்குள் ஏற்றிவிடுகிறார்கள். பிரயாணிகள் படுத்தபடியே கடலைத் தாண்டுகிறார்கள். நம்மவர் போட் மெயிலில் தனுஷ்கோடி போய் இறங்கி, மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு கப்பலேறித் தலைமன்னாரில் மறு ரயில் பிடித்த கதையை நம் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1964 டிசம்பர்ப் புயலோடு தனுஷ்கோடிப் பாதை போயிற்று. மெஸ்ஸினாவில் இன்றும் ரயில் கப்பலேறுகிறது.

இனி அந்தப் பெண்ணின் கதைக்கு வருவோம். இவ்வாண்டு அவள் மறுபடியும் ஒரு பிரயாணம் ஏற்பாடு செய்தாள். நாம் எழுதிக் கொடுத்த குறிப்பைத் தகப்பனார் அவளுக்கு அனுப்பியிருந்தார். இம்முறை நால்வரே. முதலில் பணம் சேர்ந்தது. பிறகே டிக்கெட் வாங்கினார்கள். நாலு படுக்கை மட்டும், ரத்துச் செய்யக்கூடிய வகையில், நான்கு மாதம் முன்னதாக. எல்லாருக்கும் முன்னே பணம் கட்டியவள், சென்ற ஆண்டு வராமல் நின்று பேச்சு நின்றுபோன அந்தச் சிநேகிதியே. கேட்காமலே பழைய பங்கையும் சேர்த்துக் கட்டினாளாம். அவள் கையில் அப்போது பணமில்லாதிருந்தது; அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாயிருந்தது; அவ்வளவுதான் விஷயம்.

தகப்பனார் தம் தொலைபேசியை நம் ஜன்னலுக்குள் நீட்டி, மகள் அனுப்பிய வரியைக் காட்டினார்: "அப்பா, ரயிலடி மாமாவிடம் சொல்லுங்கள். நாலு பேரும் நன்றாகத் தூங்கி, சண்டை இல்லாமல் இறங்கினோம்." பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்ததால் நாம் அதிகம் பேசவில்லை. அடுத்த விண்ணப்பத் தாளை வாங்கினோம். அதில் ஆறு பெயர்கள் இருந்தன. "எல்லாரும் நிச்சயமாக வருகிறார்களா?" என்று கேட்டோம். முன்பெல்லாம் நாம் அப்படிக் கேட்பதில்லை.

வழக்கம்போல் ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்தில் இருப்போம். பிரயாணம் பற்றிய கேள்விகளை எழுதிக் கொண்டு வரலாம். விதியைப் பார்த்துத்தான் பதில் சொல்வோம். கைகழுவும் இடத்தில் வைத்துச் சொல்ல மாட்டோம். அடுத்த மாதம், கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்கள் 60 நாள் முன்பதிவுக்கு எப்படித் திட்டமிடுவது என்பதைப் பற்றிப் பேசுவோம்.